ஜிம்முக்கு வைத்த தாம்பூலத் தட்டு

வீட்டில் தனியாக உடற்பயிற்சி செய்வதில் உள்ள பெரிய வசதி, நாம் செய்வதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது. பெரிய கஷ்டமும் அதுதான். தண்டால் எடுக்கப் படுத்தவன் அப்படியே தூங்கிவிட்டால் எழுப்ப ஆள் கிடையாது. (தூங்கியிருக்கிறேன். பாயின் கோடுகள் கன்னத்தில் பதிந்துவிட்டதால் அன்று ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு, நெட் சரியில்லை என்று சொன்னேன்.)

நான் அப்போது செஞ்சியில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். சென்னைக் கம்பெனிதான், ஆனால் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களை ஒன்றொன்றாகத் திறந்து சரிபார்த்து மூட வேண்டும். பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. எங்கள் ஊர் தளவானூர்ப் பக்கம். அங்கே மாட்டுக் கொட்டகையின் மேல் ஏறினால்தான் நெட் வரும், லேப்டாப்பை வைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகையின் மேல் உட்கார முடியாது. அதனால் நைனாவும் அம்மாவும் ஊரில், நான் டவுனில். கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் கோட்டை தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கும்பல் கும்பலாக ஏறுவார்கள். நான் ஏறியதில்லை. மேலே போய் யாரிடம் மூச்சு வாங்குகிறது என்று சொல்வது?

இப்படி நாற்காலியிலேயே இருந்ததில் உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொட்டகை மேல் ஏறி வீடியோ காலில் என்னைப் பார்த்த அம்மா, "இன்னாடா மொகம் இட்லி மாரி இருக்குது" என்றாள். உடற்பயிற்சி செய்வதென்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். வீட்டிலா ஜிம்மிலா என்று மூன்று நாள் யோசித்தேன். (கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவன்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.) ஜிம்மில் கருவிகள் இருக்கும், ஆனால் ஆட்களும் இருப்பார்கள். என் தொப்பையை முன்பின் தெரியாதவர்களிடம் அறிமுகப்படுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. வீடே போதும் என்று போனில் ஒரு வீடியோவைப் போட்டு ஆரம்பித்தேன்.

அந்த வீடியோவில் வரும் ஆள் தங்கமானவர். நடுநடுவே சிரித்துக்கொண்டே, "அருமை, ரொம்ப நல்லா பண்றீங்க" என்பார். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாலும் அதையேதான் சொல்வார். சில நாட்களில் அன்றைக்கு என்னிடம் பேசிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். ஒருநாள் நான் பதிலுக்கு, "தேங்க்ஸ்ணா" என்றேன். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. அவர் "இன்னைக்கு முதுகுக்குப் பண்ணலாமா?" என்பார். நான், "நேத்து காலுக்குப் பண்ணதே வலிக்குதுண்ணா, கொஞ்சம் மெதுவா போங்க" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

ஒருநாள் கீழேயிருந்து ஓனரம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, மேல இன்னா நெல்லு குத்துறீங்களா? ஃபேன் ஆடுது."

"எக்சர்சைஸ்மா. குதிக்கிறேன்."

"குதிங்க, வேணாங்கல. கூட யாரு பேசிக்கினு இருக்கறது?"

"யாரும் இல்லம்மா. நான் மட்டும்தான்."

"ரெண்டு பேருன்னா சொல்லிடுங்க. தொட்டித் தண்ணி பத்தாது."

"நெஜமாவே நான் மட்டும்தாம்மா."

பிறகு சன்னமாக, வீட்டுக்குள் இருந்த அவர் வீட்டுக்காரரிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "தனியா ஒரு ஆளு இப்புடியா சிரிக்கும்? பாவம், நல்லா படிச்ச புள்ள."

மறுநாளே ஜிம்மில் சேர்ந்தேன்.

ஜிம் திண்டிவனம் சாலையில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போது யூரியா வாசனை, கதவைத் திறந்தால் வேர்வை வாசனை. வாசலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒல்லியாக ஒரு பையன் போன் பார்த்துக்கொண்டிருந்தான். பேரை எழுதிக்கொண்டு, "உள்ள போங்க" என்றான். போனேன். அங்கே எல்லாரும் இரண்டு இரண்டு பேராக இருந்தார்கள். ஒருவன் படுத்துக் கம்பியைத் தூக்குவான். இன்னொருவன் அவன் தலைமாட்டில் நின்று, "வா மச்சான், இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்பான். என் தலைமாட்டில் நிற்க ஆளில்லை. நாலு பக்கமும் கண்ணாடி என்பதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கூட்டம் தெரிந்தது. பார்த்தால் அத்தனை பேரும் நான்.

அங்கே ஒருவர் மட்டும் என்னைப் போலத் தனியாக வருவார். ஆனால் அவர் தனியாக இருப்பது வேறு விஷயம். நாற்பது வயதிருக்கும். கழுத்து என்று ஒன்று தனியாக இல்லை, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். காதில் பெரிய ஹெட்போன். அவர் உள்ளே வந்ததும் பையன்கள் எல்லாரும் "பாய்" என்று கையை நெற்றிக்குக் கொண்டுபோவார்கள். இவர்தான் மாஸ்டர் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் பெரிய மீசை வைத்தவர்தான் எச்.எம். ஜிம்மில் மட்டும் வேறு மாதிரியா இருக்கப்போகிறது? அவர் வந்து கற்றுக்கொடுப்பார் என்று தினமும் ஓர் ஓரமாகக் காத்திருந்தேன். அவர் வரவில்லை. நானாகப் போய்க் கேட்கவும் இல்லை.

ஒரு நாள் பொறுமை இழந்து நானே பெஞ்சில் படுத்துக் கம்பியைத் தூக்கினேன். இறங்கியது. மறுபடி ஏறவில்லை. கம்பி என் நெஞ்சின் மேல் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது. கத்த வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். யாரை என்ன சொல்லிக் கத்துவது? ஒருத்தர் பேரும் தெரியாது. 'அண்ணா' என்றால் சுற்றி இருப்பவர்களில் பாதிப் பேர் என்னைவிடச் சின்னவர்கள். 'தம்பி' என்று கூப்பிட்டு உதவி கேட்கிற நிலையில் நான் இல்லை. 'மச்சான்' என்று சொல்ல உறவு வேண்டும். 'சார்' என்று கத்தினால் நான் மூச்சுவிட முடியாமல் கிடப்பது தெரியாது, லீவு கேட்பது போல இருக்கும். சரியான வார்த்தை கிடைப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது தடியான ஒரு கை தெரிந்தது. பாய், பேனா எடுப்பது போலக் கம்பியை எடுத்துத் தாங்கியில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தன் இடத்துக்குப் போய்விட்டார். நான் "தேங்க்ஸ்" என்றேன். ஹெட்போனுக்குள் அது போகவில்லை.

அன்று இரவு நைனாவுக்குப் போன் செய்தபோது வாய்தவறி ஜிம்மைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"கத்துக் குடுக்கற எடமா அது?" என்றார்.

"ஆமா நைனா. மாஸ்டர் இருக்காரு."

"நல்லா கத்துக் குடுக்கறாரா?"

"இன்னும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. பேசவே மாட்டேங்கறாரு."

"தட்டு வெச்சியா?"

"இன்னா தட்டு?"

"தட்டு வெக்காம எப்புட்றா கத்துக் குடுப்பாரு?" என்றவர் போனை வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். நைனாவைப் பொறுத்தவரை, நான் படித்ததற்குக் காரணம் என் மூளை இல்லை, தட்டு. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், ஒரு துண்டு என்று வைத்து டீச்சர் கையில் கொடுத்து என்னைக் காலில் விழ வைத்தார். பெரிய பள்ளிக்கூடத்திலும் அதுவே நடந்தது. காலேஜில் துறைத்தலைவர் தட்டை வாங்கிக்கொண்டு அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கம்ப்யூட்டரின் மேல் வைத்தார். டைப்ரைட்டிங், கார் ஓட்டக் கற்றுக்கொண்டது, எதையும் விட்டதில்லை. ஒவ்வொரு முறையும் நான் வெட்கத்தில் செத்துப் பிழைப்பேன். ஒவ்வொரு முறையும் பாஸாகிவிடுவேன். அதனால் மறுத்துப் பேச எனக்கு வழியே இல்லாமல் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, துவைத்த சட்டை, கையில் துணி மூடிய தட்டு.

"நைனா, அங்கல்லாம் இத செய்ய மாட்டாங்க."

"நீ அங்க போயி எத்தினி நாளு ஆவுது?"

"ஒரு வாரம் இருக்கும்."

"யாராச்சும் உங்கிட்ட ஒரு வார்த்த பேசனாங்களா?"

தட்டுக்குப் பின்னால் நடந்தேன்.

நைனா ஜிம் வாசலில் செருப்பைக் கழற்றினார், நானும் கழற்றினேன். நாற்காலியில் இருந்த ஒல்லிப் பையனைக் கடந்து உள்ளே போய், கண்ணாடிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "இன்னாடா, சலூன் மாரி இருக்குது" என்றார். பிறகு, "மாஸ்டர் யாரு?" என்றார். நான் பாயைக் கை காட்டினேன். (இந்த ஒரு விரல்தான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.) பார்த்ததும் நைனாவுக்குத் திருப்தி. அப்படி ஓர் உடம்பை மாஸ்டர் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நேராகப் போய்த் தட்டை நீட்டினார். பாய் ஹெட்போனைக் கழற்றினார். வெற்றிலை பாக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நம் பக்கத்தில் தட்டை நீட்டினால் யாரும் காரணம் கேட்டுவிட்டு வாங்குவதில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப சந்தோசம் பெரியவரே. கல்யாணம் என்னிக்கு?"

"அதுக்கு இன்னும் நாளு இருக்குது மாஸ்டர். மொதல்ல ஒடம்பு தேறட்டும். பேரு ஏழுமல. தங்கமான புள்ள. நாலு அடி அடிச்சாலும் பரவால்ல, நல்லபடியா கத்துக் குடுங்க."

பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜிம்மில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை யார் நிறுத்தினார்களோ தெரியாது. ஜிம்மே அமைதியாகி எங்களைப் பார்த்தது. ஒரு வாரமாக என்னைப் பார்க்காதவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

"டேய், வுழுந்து கும்புட்றா" என்றார் நைனா.

விழுந்தேன். தரையோடு தரையாக, கை நீட்டி, பள்ளிக்கூட நாட்களில் பழகிய அதே சுத்தத்துடன் விழுந்தேன்.

"ஐயய்யோ தம்பி, அதெல்லாம் எங்களுக்குக் கூடாது, எழுந்திருங்க" என்று பாய் பதறிப் பின்னால் ஓரடி வைத்தார். அவருக்குப் பின்னால் ட்ரெட்மில். அதில் ஓடிக்கொண்டிருந்தவன் போன் வந்ததால் நிறுத்தாமலே இறங்கி ஜன்னலோரம் போயிருந்தான். பெல்ட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாய் அதில் கால் வைத்தார். கால் முன்னால் வந்தது, உடம்பு பின்னால் போனது, தட்டு மேலே போனது. பெல்ட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்த அவரை, லாரியிலிருந்து மூட்டை இறக்குவது போல அந்த மெஷின் பக்குவமாகக் கொண்டுவந்து, பாதி எழுந்திருந்த என் முதுகின் மேல் இறக்கி வைத்தது.

முதுகில் 'மளுக்' என்றது. மேலே போன தேங்காய் கீழே வந்து உருண்டது. வாழைப்பழங்கள் பெல்ட்டில் விழுந்து ஒவ்வொன்றாக எங்களை நோக்கி வந்தன.

ஆனால் என்னால் இன்றுவரை மறக்க முடியாதது வலி இல்லை. நைனா பதறவில்லை. முதல் பாடம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துவிட்டார். குனிந்து என் காதருகே, "அப்புடித்தான்டா. தாங்கு. வுட்றாத" என்றார்.

பையன்கள் ஓடிவந்து பாயைத் தூக்கினார்கள். அந்த ஒல்லிப் பையனும் வந்து நைனாவின் முன் நின்றான்.

"பெரியவரே, மாஸ்டர் நான்தான். அவரு இங்க வந்து போறவரு. பேட்டரி கட வெச்சிருக்காரு."

நைனா அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீ மொதல்ல சாப்ட்டியாப்பா?" என்றார்.

சுவரில் எண்ணெய் பூசிய உடம்போடு ஒரு பெரிய போட்டோ மாட்டியிருந்தது. ஒல்லி மாஸ்டர் அதைக் காட்டி, "இது நான்தான். டைபாய்டுக்கு முன்னாடி எடுத்தது" என்றார்.

டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு மாதம் எதையும் தூக்கக் கூடாது என்றார். "வீட்டுலயா சார், ஜிம்முலயா?" என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். வீடா ஜிம்மா என்று நான் மூன்று நாள் யோசித்ததற்கு இப்படி ஒரு பதில் கிடைத்தது.

ஊரில் கல்லைக்காய், அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற நேரம். நைனா தங்க முடியாது. என்னை அறையில் படுக்க வைத்துவிட்டு, கூடவே வந்திருந்த பாயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்துக்கங்க மாஸ்டர்."

"நான் மாஸ்டர் இல்லீங்க பெரியவரே. அவங்கதான் சொன்னாங்களே."

"தட்ட வாங்கிட்டீங்களே" என்றார் நைனா.

நியாயமான எந்த மனிதனுக்கும் அதற்கு மேல் பேச்சு இல்லை.

மறுநாள் சாயங்காலம் படியில் கனமான காலடி கேட்டது. பாய் (பேர் காதர் என்று அன்றுதான் தெரிந்தது) ஒரு பிளாஸ்கில் டீயும் ஒரு பொட்டலத்தில் சமோசாவும் கொண்டுவந்திருந்தார். இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. "இன்னா ஏழுமலை, எப்புடி இருக்குது?" என்றார். ஆபீசில் எனக்கு ஒரு நம்பர்தான் உண்டு. ஓனரம்மாவுக்கு நான் தம்பி. அந்த அறைக்குள் ஒருவர் என் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்து, "வலிக்குது பாய்" என்றேன்.

தினமும் வந்தார். ஜிம்முக்குப் போகிற நேரத்தில்தான் வருவார். ஜிம்மில் வாயே திறக்காத மனிதர், அறையில் நிறுத்தவே மாட்டார். பேட்டரிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு, வாரண்டி கேட்டுச் சண்டைக்கு வருகிறவர்களைப் பற்றி அவரிடம் முடிவில்லாத கதைகள் இருந்தன. காலியான தண்ணீர் கேனைக் கீழே கொண்டுபோய், நிறைந்ததை ஒரு கையில் மேலே கொண்டுவந்து வைப்பார். கிளம்பும்போது, "நாளிக்கிப் பாக்கலாம்" என்பார். அவர் பைக் சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். அதன்பிறகு மறுநாள் சாயங்காலம்வரை அந்த அறையில் லேப்டாப்பின் காற்றாடிச் சத்தம் மட்டும்தான்.

சிக்கல் என்னவென்றால், முதுகு சரியாகிவிட்டது. டாக்டர் சொன்னதற்கு முன்பே சரியாகிவிட்டது. ஒருநாள் காலை கண்விழித்தால் வலி இல்லை. குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன், இல்லவே இல்லை. ஒரு வேலையில் இருந்து திடீரென்று நீக்கப்பட்டவன் போல உட்கார்ந்திருந்தேன். வலி இருக்கிறவரைதான் அவர் வருவார். சாயங்காலம் பைக் சத்தம் கேட்டதும், என்னை அறியாமல் கட்டிலில் போய்ப் படுத்தேன். (அவ்வளவு வேகமாக ஜிம்மில்கூடக் குனிந்து நிமிர்ந்ததில்லை.)

"இன்னா ஏழுமலை?"

"ஆ... அப்படியேதான் பாய் இருக்குது."

இப்படிச் சில நாட்கள் போயின. நடிப்பு ஒன்றும் சுலபமில்லை. சமோசாவை எந்தக் கையால் எடுத்தால் வலிக்க வேண்டும் என்பதையெல்லாம் மத்தியானமே ஒத்திகை பார்த்து வைப்பேன்.

ஒருநாள் மத்தியானம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. சாயங்காலம்வரை தாங்காது. எதிர்க்கடையில் கேனை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி படி ஏறினேன். பாதிப் படியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வலி எப்புடி இருக்குது ஏழுமலை?"

பக்கத்துத் தெருவில் பேட்டரி மாட்ட வந்தவர், அப்படியே எட்டிப் பார்த்திருக்கிறார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? கேனை இறக்கி வைத்திருக்க வேண்டும். நான் செய்தது, கேன் தோளில் இருக்க, நின்ற இடத்திலேயே நொண்ட ஆரம்பித்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்குது பாய்."

"எந்தப் பக்கம்?"

"எடது பக்கம்."

"நேத்து வலதுன்னு சொன்னீங்க."

கேனுக்குள் தண்ணீர் 'களக்' என்றது. பாய் கீழ்ப்படியில் நின்று என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இருக்கிறதா என்று தெரியவில்லை. போய்விடுவார், இனி அந்தப் பைக் சத்தம் இந்தத் தெருவில் கேட்காது என்று மட்டும் தெரிந்தது.

"நாளிக்கி நான் வரணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

"வாங்க பாய்" என்றேன்.

"இதச் சொல்றதுக்கு முதுகு எதுக்கு ஏழுமலை?" என்றவர், இரண்டு படி ஏறி வந்து கேனை வாங்கிக்கொண்டு முன்னால் போனார்.

அதன்பிறகு நான் ஜிம்முக்குப் போகவில்லை. வீட்டிலும் செய்யவில்லை. அதைவிட மோசம், பாயும் போகவில்லை. அவர் ஜிம் நேரம் முழுவதும் என் அறையில், டீயோடும் சமோசாவோடும் கழிந்துவிட்டது. தோளுக்கும் தலைக்கும் நடுவில் இல்லாத கழுத்து இன்னும் இல்லாமல்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஈடாக வயிறு ஒன்று வந்துவிட்டது. நைனா மட்டும் இன்றைக்கும் போனில், "மாஸ்டர் சொல்றத கேட்டு நட" என்கிறார். எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் நான் யார் காலிலாவது விழப் போனால், என் அக்கா முதலில் அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, "ம், இப்ப வுழு" என்கிறாள்.

பாய் வீட்டில் கதை வேறு மாதிரி ஓடுகிறது. பெருநாளைக்குப் பிரியாணி சாப்பிட என்னைக் கூப்பிடுவார்கள். யார் விருந்தாளி வந்தாலும் பாய் வீட்டம்மா எங்கள் இரண்டு பேரையும் காட்டிச் சொல்வார்: "இந்தத் தம்பி ஜிம்முக்குப் போயி முதுக ஒடச்சிக்கிச்சு. இவுரு அதப் பாக்கப் போயி வயித்த வளத்துக்கினாரு. செஞ்சியில ஒடம்பக் கெடுத்துக்கணும்னா இந்த ரெண்டு பேரையும் வந்து கேளுங்க."

எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, "இன்னும் கொஞ்சம் போடட்டா தம்பி?" என்பார். நான் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைப்பேன்.